காளானின் மறுபாதி

விஷத் தகவல் மையத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது சிரிக்காமல் இருப்பது. ஷூ பாலிஷைக் குழந்தை நக்கிவிட்டது என்று பதறும் தாயிடமும், மனைவியின் முகக் களிம்பால் பல் துலக்கிவிட்ட கணவனிடமும் ஒரே நிதானத்தோடு பேச வேண்டும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு நேரம் ஆயிற்று, வாந்தி உண்டா என்று கேட்கலாம். உங்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது.

அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் ஒருத்தி. அவளை மருமகள் என்றே சொல்லிவிடலாம். அன்றைக்கு நடந்த கூத்தெல்லாம் அவளுடைய மாமனாரால் வந்தது.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் தலை காட்டினால் தராசில் கட்டைவிரல் வைக்கும் கடைக்காரர்களுக்கு வியர்த்துக் கொட்டிய காலம் உண்டு. ஓய்வு பெற்றதும் அந்தக் கண்டிப்பு மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 'கொஞ்சம்', 'ஓரளவு', 'தோராயமா' என்பவை அந்த வீட்டில் கெட்ட வார்த்தைகள். காப்பி இனித்தால், "ரெண்டு கிராம் கூடிப்போச்சு" என்பார். அதையும் மருமகளைப் பார்த்துச் சொல்ல மாட்டார். சுவரிடம் சொல்வார், அல்லது செய்தித்தாளிடம் சொல்வார். அதில் தனக்கு உரிய பங்கை அவளே எடுத்துக்கொள்ள வேண்டும். பாராட்டு என்று ஒன்று அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி, காலமான மனைவியின் தம்பி. பேண்டு வாத்தியக் குழுவில் எக்காளம் ஊதியவர் என்பதால் அவருக்குப் பெயரே எக்காளம் ஆகிவிட்டது. குரலும் அதற்கேற்ற குரல்தான். ரகசியம் சொன்னால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். பகை பிறந்தது மருமகளின் கல்யாணத்தன்று. குடும்பப் படம் எடுக்கும் நேரத்தில் எக்காளம் கடைசி நொடியில் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். படம் கழுவி வந்தபோது, மாப்பிள்ளையின் தகப்பனார் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய இடது காது மட்டும் இருந்தது.

"வேணும்னே பண்ணினான்" என்றார் மாமனார்.

"அவர் மூஞ்சியில பார்க்கிற மாதிரி இருக்கிறது அது ஒண்ணுதான். அதைத்தான் விட்டு வச்சேன்" என்றார் எக்காளம்.

அதோடு முடிந்தது உறவு. அந்த வீட்டுப் படியை மிதிக்கிறவன் இந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்று இங்கே ஒரு சபதம். அங்கேயும் எழுத்து மாறாமல் அதே சபதம். மருமகளின் கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன், சாது. தாய்மாமனைத் தெருவில் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வான். மருமகளும் எக்காளத்தின் மகளும் காய்கறிக் கடையில் எதிர்ப்பட்டால் ஒருத்தி வெங்காயத்தை ஆராய்வாள், மற்றவள் உருளைக்கிழங்கை ஆராய்வாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு குடும்பமும் பகையைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல விடாமல் ஊற்றி வளர்த்தன.

அன்று புதன்கிழமை. புதன்தோறும் மாமனார் நூலகம் போவார். காலையில் குடையோடு புறப்பட்டால் சாயங்காலம்தான் திரும்புவார். ஒரு வாரம் கொட்டித் தீர்த்த மழை விட்டு வெயில் அடித்தது. மையத்தில் காலையிலிருந்து காளான் அழைப்புகளாகவே வந்துகொண்டிருந்தன. மழைக்கு அடுத்த வெயில் என்றால் அப்படித்தான். ஈரம் காளானை முளைக்க வைக்கும். வெயில் மனிதர்களைப் பறிக்க வைக்கும். மருமகள் மதியம் வீடு திரும்பியிருக்க வேண்டியவள். அடுத்து வர வேண்டியவளின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் இவளே தொடர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக் கிடங்குக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை, மூன்று மேசைகள், ஒரு கெட்டுப்போன மின்விசிறி. சுவரில் பெரிய காளான் படம் ஒன்று. தின்னக்கூடியதும் கொல்லக்கூடியதும் அதில் ஜோடி ஜோடியாக, ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்போல நிற்கும். இத்தனை வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தும், எது எது என்று கீழே எழுதியிருப்பதைப் படிக்காமல் மருமகளால் சத்தியம் செய்ய முடியாது. அதனாலேயே அவள் காட்டுக் காளானைக் கையால் தொடுவதில்லை.

தொலைபேசி அடித்தது.

"வணக்கம், விஷத் தகவல் மையம். சொல்லுங்க."

மறுமுனையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். வைத்துவிட்டார்கள். சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தது. இந்த முறை ஒரு குரல் வந்தது, தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"ஒரு சந்தேகம். நண்பருக்காகக் கேக்கிறேன்."

நண்பருக்காகக் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நண்பரே கிடையாது என்பது மருமகளுக்குத் தெரியும். "சொல்லுங்க சார். நண்பர் என்ன சாப்பிட்டார்?"

"காளான். தண்ணித் தொட்டிக்குப் பின்னால புல்வெளி இருக்கு. அங்க பறிச்சது."

"எவ்வளவு சாப்பிட்டார்?"

"ஆளுக்கு இருநூத்தி நாப்பது கிராம். தண்டு நீக்கி. சமைக்கிறதுக்கு முந்தின எடை."

மருமகளின் பேனா நின்றது. இதே கேள்விக்கு 'ஒரு பிடி' என்றவர்கள் உண்டு, 'ஒரு தட்டு' என்றவர்கள் உண்டு. தண்டு நீக்கி எடை சொல்லக்கூடிய மனிதர் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் இந்நேரம் நூலகத்தில் இருக்கிறார். இருக்க வேண்டும்.

பின்னணியில் யாரோ வயிறே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தார்கள். அது அடங்கியதும் ஒரு குரல் கேட்டது. வாந்திக்கு நடுவிலும் நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல்.

"அத்தான், பிழைப்பேனா மாட்டேனா, அதைக் கேளுங்க முதல்ல. எடையெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்."

"சும்மா இரு மச்சான், கேட்டுட்டுத்தானே இருக்கேன்" என்றது தலையணைக் குரல். அதில் இருந்த பரிவைக் கேட்டு மருமகள் காதில் இருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அத்தானாம். மச்சானாம். இங்கே ஒருத்தி எத்தனை வருஷமாக உருளைக்கிழங்கை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆனால் கேள்விகள் பாக்கி இருந்தன. சிரிப்பையும் கோபத்தையும் ஒன்றாக விழுங்கிவிட்டுக் கேட்டாள். "எப்ப சாப்பிட்டாங்க? வாந்தி எப்ப ஆரம்பிச்சுது?"

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகுது. வாந்தி அரை மணி நேரமா. அவருக்கு மட்டும்தான். எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குன்னா, இன்னொரு நண்பருக்கு."

"புரியுது சார்."

"நல்லாப் பரிசோதனை பண்ணித்தான் சமைச்சாங்க. வெள்ளிக் கரண்டி போட்டுப் பார்த்தாங்க, கறுக்கலை."

"கறுக்காது சார். காளான் விஷத்துக்கும் வெள்ளிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

"பூண்டு போட்டாங்க. நிறம் மாறலை."

"பூண்டு வாசனைக்கு நல்லது. அவ்வளவுதான்."

"நத்தை கடிச்சிருந்துது. நத்தைக்கு ஆகுதுன்னா மனுஷனுக்கும் ஆகும்னு..."

"நத்தை உடம்பு வேற, நம்ம உடம்பு வேற சார். அதுக்கு ஆனதெல்லாம் நமக்கு ஆகாது. சரி, ரெண்டு பேரும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ரெண்டு பேருமா? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

இந்த இடத்தில் மருமகளின் குரல் மாறியது. இதை அவள் யாரிடமும் விளையாட்டாகச் சொன்னதில்லை. "சீக்கிரம் வாந்தி வர்ற காளான் சத்தம் போடுற நாய் மாதிரி சார். பெரும்பாலும் பிழைச்சுக்கலாம். கொல்ற காளான் சத்தம் போடாது. சாப்பிடும்போது ருசியா இருக்கும். ராத்திரி வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அப்புறம் வயித்தால போகும், அதுவும் நின்னுடும். மறுநாள் எழுந்து நடமாடுவாங்க, சரியாப் போச்சுன்னு நினைப்பாங்க. உள்ள கல்லீரல் அழுகிட்டிருக்கும். நீங்க பறிச்சதுல எத்தனை வகை இருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"



"எல்லாம் வெள்ளையாத்தான் இருந்துது" என்றது குரல், முதல் தடவையாக எடை குறைந்து.

"ரெண்டு வழி இருக்கு. நான் ஆம்புலன்ஸ் அனுப்புறேன், சைரன் போட்டுட்டு வீட்டு வாசலுக்கே வரும். இல்ல, நீங்களே இப்பவே ஒரு வாடகைக் கார் பிடிச்சுப் போங்க."

சைரன் என்றதும் எதிர்பார்த்தது நடந்தது. "கார், கார்" என்றார் அவசரமாக.

"சமைக்காத காளான் மிச்சம் இருந்தா காகிதப் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. பிளாஸ்டிக் பை வேணாம், அழுகிடும்."

"வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா?"

"படுக்கையில சேர்த்தா சொல்லித்தான் ஆகணும் சார். வீட்ல யார் இருக்காங்க?"

"பையன் இருக்கான். பேரப்பசங்க இருக்காங்க. மருமக இருக்கா." துணி கொஞ்சம் விலகியது போலிருந்தது. "அவ தங்கமான பொண்ணு. பொறுமைசாலி. அவளை மாதிரி ஒருத்தி கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்."

மருமகள் திடுக்கிட்டாள். கேள்வித் தாளில் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று இருந்ததோ அதையே கேட்டாள். "சார், உங்களுக்கு மனசு ஏதும் குழம்புதா? இல்லாததெல்லாம் தெரியுதா?"

"ஒண்ணும் குழம்பலை" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அவர் இவள் குரலைக் கண்டுபிடித்துவிட்டு ஐஸ் வைத்தாரா, அல்லது முன்பின் தெரியாத ஒருத்தியிடம் மனசில் இருந்ததைக் கொட்டினாரா என்று மருமகள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு மருத்துவமனைக்கு அழைத்து, இரண்டு முதியவர்கள் வருவார்கள், காளான், கலப்பாக இருக்கலாம் என்று சொல்லிவைத்தாள். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற தகவல் வரும் வரை நகம் கடித்துக்கொண்டிருந்தாள். சேராவிட்டால் சைரனோடு வண்டி அனுப்ப முகவரி அவளுக்குத் தெரியும். மிதிக்கக் கூடாத படி ஆயிற்றே.

சாயங்காலம் கணவன் அழைத்தான். "அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். விஷக் காளானாம். பக்கத்துப் படுக்கையில யார் தெரியுமா? அந்த ஆளு."

"எந்த ஆளு?" என்று கேட்டாள் மருமகள். பொய் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள்.

"எங்க மாமாதான். அவர்தான் அப்பாவுக்கு ஏதோ வச்சிருக்கணும்."

"வச்சவர் எதுக்குப் பக்கத்துப் படுக்கையில படுத்திருக்கார்?"

கணவன் யோசித்தான். "அது ஒண்ணுதான் இடிக்குது" என்றான்.

மருமகள் போனபோது வார்டில் நாடகம் களைகட்டியிருந்தது. எக்காளம் கையில் குளுக்கோஸ் ஊசியோடு, பிழிந்து போட்ட துணிமாதிரிக் கிடந்தார். அடுத்த படுக்கையில் மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டு நேராகப் படுத்திருந்தார். இரண்டுக்கும் நடுவே திரை. அந்தத் திரையை இழுத்து மூடச் சொன்னவர் மாமனார்தானாம். எக்காளத்தின் மகள் படுக்கையின் கால்மாட்டில் கைகட்டி நின்று கணவனை முறைத்தாள். கணவன் வழக்கப்படி செருப்பைப் பார்த்தான்.

"எங்கப்பாவுக்கு உங்கப்பா என்னத்தைக் குடுத்தார்?" என்றாள் அவள்.

"அதையே நானும் கேக்கலாம்" என்றான் அவன் செருப்பிடம்.

"நான் யாருக்கும் எதுவும் குடுக்கலை" என்றார் மாமனார் கூரையிடம். "நான் புல்வெளியில காளான் பறிச்சேன். அந்த ஆளும் அங்க வந்தார். எனக்குப் போட்டியா அவரும் பறிச்சார். அவரவர் அவரவர் வீட்ல சமைச்சோம்."

"ஆமா, தனித்தனியாத்தான்" என்றது திரைக்கு அந்தப் பக்கம். "அவர் பறிச்ச இடத்துல நான் பறிக்கக் கூடாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்தப் பொய்யை இரண்டு குடும்பமும் அப்படியே நம்பின. பகையாளிகள் ஒரே விஷத்துக்குப் போட்டி போட்டார்கள் என்பதில் அவர்களுக்கு ஆச்சரியமே இல்லை. மருத்துவமனைக்கு ஒரே காரில், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வந்தார்கள் என்று வாயைத் திறக்கப் போன நர்ஸை, எக்காளம் தண்ணீர் கேட்டு விரட்டினார். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு கிழவர்களின் குட்டும் உடைந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் சொல்லக் கூடாது.

அப்போது டாக்டரம்மா காகிதப் பையோடு வந்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"இதுல ரெண்டு வகை இருக்கு" என்று ஒரு தட்டில் கொட்டினாள். "பெருசு பெருசா இருக்கே, மடிப்புல பச்சை தட்டியிருக்கு, இதுதான் வாந்திக்குக் காரணம். இது ஆளைப் புரட்டிப் போடும், ஆனா போயிடும். இதோ இது வேற." தனியாக ஒன்றை எடுத்தாள். பால் வெள்ளை. அடித்தண்டில் கிண்ணம்போல ஒரு உறை. நட்ட நடுவில் கத்தியால் சீராக வெட்டப்பட்டு, பாதிதான் இருந்தது. "இதோட இன்னொரு பாதி எங்க? யார் சாப்பிட்டாங்க?"

டாக்டரம்மா இரண்டு படுக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விளையாட்டில்லை. ஒரு ஆளைக் கொல்ல இந்தப் பாதி போதும்."

திரை விலகியது. எக்காளம் ஊசிக் கையாலேயே இழுத்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அத்தான், அது உங்க தட்டுக்கு வந்துது. இருக்கிறதுலயே அழகா இருந்துதுன்னு உங்களுக்கு வச்சேன். நானே என் கையால வச்சேன்."

கணவன் செருப்பிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். "மடையா. நீ பால் பொங்குதான்னு பார்க்க அடுப்புப் பக்கம் திரும்பினியே, அப்ப நான் அதை உன் தட்டுல தள்ளிவிட்டேன். உனக்குக் காளான்னா உசிராச்சேன்னு."

"என் தட்டுலயா?"

"உன் தட்டுலதான்."

"நான் பெருசா எதையும் சாப்பிட்ட ஞாபகம் இல்லையே."

"எனக்கும் இல்லையே."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்காளம் அழ ஆரம்பித்தார். அவர் அழுதால் மூன்று வார்டுக்குக் கேட்கும். மாமனார் கட்டிலைவிட்டு இறங்கி, மருத்துவமனை அங்கி பின்னால் திறந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் போய், மச்சான் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாளா இது நடக்குது?" என்றாள் எக்காளத்தின் மகள், ஈனக் குரலில்.

"நடக்காம எப்ப இருந்துது?" என்றார் எக்காளம் வயிற்றுக்குள்ளிருந்து.

அதை ஆற அமர விசாரிக்க நேரமில்லை. டாக்டரம்மா இருவருக்கும் ரத்தம் எடுத்தாள், கரித்தூள் கரைத்துக் குடிக்க வைத்தாள், இன்னொரு ஊசி ஏற்றினாள். அந்தப் பாதி கிடைத்தால் நல்லது, தட்டு, சட்டி, குப்பை எதுவானாலும் பாருங்கள் என்றாள். மருமகளும் எக்காளத்தின் மகளும் ஒரே காரில் ஏறினார்கள். வழி முழுக்க ஒருத்தி இடப்பக்க ஜன்னலை ஆராய்ந்தாள், மற்றவள் வலப்பக்க ஜன்னலை ஆராய்ந்தாள். எக்காளம் வீட்டுப் படி வந்ததும் மருமகளின் கால் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டது.

"மிதிங்க அக்கா" என்றாள் மற்றவள். "இனிமே யார் பார்க்கிறா."

சமையலறையில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், மாமனாரின் குடை. அலமாரியில் ஒரு சின்னத் தராசு. கூடத்தில், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத சுவரில், அந்தக் கல்யாணப் படம். எக்காளத்தின் தோளுக்கு மேல், அந்த ஒற்றை இடது காதுக்குப் பக்கத்தில், மாமனாரின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. மற்ற எல்லாத் தலையையும்விடப் பெரியதாக, ஆகாயத்திலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தார் மனிதர்.

"எங்கப்பா மாட்டினது. இத்தனை நாள் கேலிக்கு ஒட்டி வச்சிருக்கார்னு நினைச்சேன்" என்றாள் எக்காளத்தின் மகள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே குப்பையைக் கிளறினார்கள். சட்டியை வழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்படியானால் அது இரண்டு வயிறுகளில் ஒன்றில் இருக்கிறது.

மருமகள் தரையில் முட்டி போட்டுக் குனிந்தபோதுதான் மேசைக்கு அடியில் எறும்பு வரிசையைக் கண்டாள். சுவரோரம் வரிசை போய் முடிந்த இடத்தில், வெண்ணெயில் வதங்கிய வெள்ளைத் துண்டு ஒன்று, வெட்டுப்பக்கம் நேராக, எறும்பு மொய்த்துக் கிடந்தது. தட்டிலிருந்து தட்டுக்குத் தள்ளிவிட்டவர் குறி பார்த்துத் தள்ளவில்லை. எடையில் புலி, கையில் எலி.

"எறும்பு தின்னுதே, அப்ப விஷம் இல்லையோ?" என்றாள் எக்காளத்தின் மகள் ஆசையோடு.

"எறும்பு தின்னும், முயல் தின்னும், நத்தையும் தின்னும். நாம செத்துப்போவோம்" என்றபடி மருமகள் அதை ஒரு கரண்டியால் காகிதத்தில் ஏந்தினாள்.

டாக்டரம்மா துண்டைப் பாதியோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ஆனாலும் விடவில்லை. ஒரே சட்டியில் வெந்தது, வெண்ணெயில் என்ன இறங்கியிருக்கும் என்று யார் கண்டது என்றாள். மறுநாள் ரத்தத்தில் மாமனாரின் ஈரல் கணக்கு ஒன்று லேசாக ஏறியது. அன்று இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கணவன் தன் தாய்மாமனுக்கு முகம் கழுவிவிட்டான்; எக்காளத்தின் மகள் மாமனாரின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் கேட்டபடி, மருந்துப் புட்டியில் எத்தனை மில்லி மிச்சம் இருக்கிறது என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள். ஏறியது இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் கோபப்பட ஆரம்பித்தார்கள்.

"இத்தனை வருஷம் எங்களை ஏன் மாமா இப்படிப் படுத்தினீங்க?" என்று கேட்டாள் எக்காளத்தின் மகள்.

"முதல்ல யார் இறங்கி வர்றதுங்கிறதுல ஒரு இழுபறி" என்றார் மாமனார் போர்வையிடம். "அந்த இழுபறியைப் பேசித் தீர்க்கத்தான் புதன்கிழமை புதன்கிழமை கூடினோம். பேச்சு இன்னும் முடியலை."

வீடு திரும்பிய பிறகு, மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாமனார் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். செய்தித்தாளைப் பிரித்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"உங்க ஆபீஸ்ல, ஃபோன் பண்றது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது மாமா."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சாலும் தெரியாது."

"பேசினது என்னன்னு?"

"காளான், வாந்தி, அதெல்லாம் எழுதிக்குவோம். தங்கம், வெள்ளின்னு யாராவது ஏதாவது சொன்னா எழுத மாட்டோம்."

மாமனாரின் காது சிவந்தது. செய்தித்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "நல்ல ஆபீஸ்" என்றார் அதனிடம்.

அதன்பின் புதன்கிழமைகள் ஊரறிந்த உறவாயின. அதுதான் வினையாகிப்போனது. எக்காளம் வீட்டில் மாமனார் போய் உட்கார்ந்தால் பின்னாலேயே கணவன் வருவான், பேரப்பிள்ளைகள் வருவார்கள், எக்காளத்தின் மகள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்து, இருவர் வாயையும் அருகில் நின்று பார்ப்பாள். காளான் என்ற பேச்சே கிடையாது. கிழவர்களால் ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. எக்காளத்தால் ரகசியம் பேச முடியாது என்பது உலகறிந்தது என்றாலும், இருந்த ஒரே ரகசியமும் போனதில் மனிதர் இளைத்துப்போனார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மாமனார் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அந்த ஆளோட இனிமே எனக்குப் பேச்சு கிடையாது. எனக்கு விஷத் துண்டை வச்சது அவன்தானே. நினைச்சுப் பார்த்தா ஆறலை. நீங்களும் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது."

கணவன் இடிந்துபோனான். "அப்பா, இப்பத்தானே எல்லாம் சரியாச்சு."

"சொன்னது சொன்னதுதான். முக்கியமா புதன்கிழமை போகக் கூடாது."

அதே நேரத்தில் அங்கே எக்காளம், தன் தட்டில் திருட்டுத்தனமாகத் துண்டைத் தள்ளிவிட்ட துரோகியைப் பற்றித் தெரு முழுக்கக் கேட்கும்படி முழங்கிக்கொண்டிருந்தார் என்பது மருமகளுக்குப் பிறகு தெரியவந்தது.

புதன் காலையில் மாமனார் குடையோடு புறப்பட்டார். மருமகள் வாசலில் வழிமறித்தாள்.

"நூலகத்துக்கா மாமா?"

"ஆமா."

"அங்க காட்டுல பறிச்சது எதுவும் வராதே?"

"வராது. கடையில வாங்கினது மட்டும்தான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, சுவரும் இல்லாமல் செய்தித்தாளும் இல்லாமல், நேராக அவள் முகத்தைப் பார்த்தார். "சத்தியமா."

அவர் தெருமுனை திரும்பியதும் மருமகள் எக்காளத்தின் மகளை ஃபோனில் கூப்பிட்டாள். "இங்க கிளம்பியாச்சு. நீ வேலைக்குப் போயிட்டியா?"

"போயிட்டேன் அக்கா. மாமா பின்பக்கமா வர்றதுக்குக் கொல்லைக் கதவுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில வச்சிருக்கேன், மறந்துபோய் வச்ச மாதிரி." அந்தப் பக்கம் சிரிப்பு அடக்க முடியாமல் வழிந்தது. "உங்க வீட்டுக்காரருக்கு எப்ப சொல்லப் போறீங்க?"

உள்ளே கணவன், தாய்மாமனைத் தெருவில் பார்த்தால் முன்போலக் குனிய வேண்டுமா, அல்லது இந்த முறை வேறு ஏதாவது செய்யலாமா என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் மருமகள்.